பச்சையாகிப் போன நீலம்

— இது நீலமா? நீயே சொல்லு. கண்ணை நல்லாத் தொறந்து பாத்துச் சொல்லு.

— நீலம்தான்க்கா... ஒரு மாதிரி நீலம்.

— ஒரு மாதிரி நீலத்துக்குப் பேரு பச்சைடி. பாசி பிடிச்ச தொட்டியில மொண்டு வச்ச மாதிரி இருக்கு. இந்தப் பூ டீயையா ஓட்டல் மேடம் முன்னால கொண்டு போய் வைக்கப் போறோம்?

— வெளிச்சம் பத்தலையோ என்னவோ. ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பாரு.

— கொண்டு போனேன். அங்க இன்னும் பச்சை.

— சரி, கொட்டு. மறுபடி போட்டுப் பாப்போம். மேடம் நாலு மணிக்குத்தானே வராங்க?

— காலையிலேருந்து கொட்டறதுதான் வேலையா இருக்கு. பூ என்ன கூடை கூடையாவா கிடக்கு? ஒவ்வொரு சங்குப்பூவா காம்பு கிள்ளி, கட்டில் பூரா பரப்பிட்டு, நான் தரையில படுத்துக் காய வச்ச பூவு.

— அதான்க்கா எனக்கு டவுட்டு. எப்பவும் மாடியில நிழல்ல காய வைப்போம். இந்தத் தரம் படுக்கை ரூம்ல ஃபேனைப் போட்டுக் காய வச்சே. பூ ரோஷப்பட்டுக்கிச்சோ என்னமோ.

— மாடிக்கு யாரும் வராதீங்க, தொட்டி ஒழுகுது, பூசறேன், தூசி பறக்கும்னு சொன்னது யாரு? உன் புருஷன்தானே?

— ஆமா, கொத்தனார் வீட்டுக்கு வாக்கப்பட்டா வருஷம் முழுக்கத் தூசிதான். சத்தியமா சொல்றேன்க்கா, என் கல்யாணப் புடவையில கூட சிமெண்ட் இருந்துச்சு.

— பேச்சை மாத்தாதே. இதே பூவு, இதே கட்டில், இதே ஃபேனு. நேத்து சாயங்காலம் போட்டப்ப நீலமா இருந்துச்சா இல்லையா?

— இருந்துச்சு. மயில் கழுத்து மாதிரி. ஃபோட்டோ கூட எடுத்தேன்.

— அப்புறம் இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு? நீ ஜாடியை என்னத்தப் போட்டுக் கழுவினே?

— புதுசா ஒரு சோப்புப் பவுடர்... என்னை அப்படிப் பாக்காதே. நல்லா அலசிட்டேன்.

— நீ அலசற லட்சணம் எனக்குத் தெரியாதா? குழாயத் தொறந்துவிட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டு நிப்பே. எடு அந்த எவர்சில்வர் டம்ளரை. அதை நான் கழுவி வச்சது. அதுல போடு.

— போடறேன். ஆனா அக்கா, செம்பருத்தியப் பாத்தியா?

— அதுக்கு என்ன?

— கருத்துப் போயிருக்கு. சிவப்பா வர வேண்டியது இரும்புத் துரு ஊறின தண்ணி மாதிரி நிக்குது.

— அய்யோ, அதுவுமா? ரோஜா?

— அதுவும் அழுக்கா இருக்கு. சாமந்தி ஒண்ணுதான் எனக்கென்னன்னு மஞ்சளா சிரிச்சுக்கிட்டு நிக்குது.

— அழுகை வருதுடி எனக்கு. அஞ்சு கண்ணாடி ஜாடி. வரிசையா நீலம், ஊதா, சிவப்பு, ரோஸ், மஞ்சள். அதைப் பாத்துத்தானே அந்த மேடம் மயங்கினாங்க? எங்க ஓட்டல்ல தினமும் சாயங்காலம் இதே மாதிரி வேணும்னு சொல்லிட்டுப் போனாங்களே. இன்னிக்கு வந்து பாத்தா வண்டி ஷெட்டு மாதிரி இருக்கு.

— டம்ளர்லயும் பச்சைதான்க்கா.

— காட்டு.

— சோப்பு மேல பழியப் போட்டியே. இப்ப சோப்பு கிட்ட மன்னிப்புக் கேளு.

— உனக்கு விளையாட்டா இருக்கு. இந்த ஆர்டர் போச்சுன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தியா?

— நினைக்காம இருப்பேனா? இந்த முன்னறை நடுவுல சுவரு வந்துடும்.

— வந்துடும். அண்ணனும் தம்பியும் வீட்டை ரெண்டாக்கப் போற கோடு நேரா இந்த மேஜைக்கு நடுவுலதான் போகுது. ஓட்டல் ஆர்டர் கிடைச்சா முன்னறையத் தொட மாட்டோம், உங்க கடைக்கே விட்டுடறோம்னு எவ்வளவு கெஞ்சி வாங்கின வார்த்தை அது. உன் புருஷன் உன்கிட்ட சொன்னாரு, எங்காளு என்கிட்ட சொன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமலே சொன்னாங்க.

— ஒரு படிக்கட்டுக்கு இவ்வளவா அக்கா?

— படிக்கட்டா? ஒரே ஒரு படி. எங்காளு சும்மா இருந்திருக்கலாம். சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்கற நேரத்துல, கழுத்துல கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துப் படியை அளந்து, தம்பி, இது ஒரு இஞ்ச் கோணல்னு சொல்லணுமா? தையக்காரருக்கு எல்லாம் சட்டைக் கைதான். ரெண்டும் சமமா இருக்கணும்.

— எங்காளு மட்டும் என்னவாம்? ஆமாண்ணா, தப்பாப் போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நீ தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு நான் எத்தனை எடத்துல தலை குனிஞ்சேன் தெரியுமான்னு ஆரம்பிச்சாரு. அன்னிக்கு ஆரம்பிச்சது.

— இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. நடுவுல நாம ரெண்டு பேரும் தபால்காரங்க.

— சரி, புலம்பினா பச்சை நீலமாயிடாது. போன மாசப் பூ கொஞ்சம் பரண்ல இருக்குல்ல? அதைப் போட்டுப் பாப்போம். அது மாடியில காஞ்சது.

— போடு. வடிகட்டிப் போடு, தூசி இருக்கும்.

— துணி எங்கக்கா? இந்தா... இதென்ன, பாதி காணோம்?

— நான்தான் கிழிச்சேன்.

— நம்ம வடிகட்டற துணியையா? நீலக் கறை ஏறி ஏறி அழகா இருக்கும், அதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு சொல்லிட்டிருந்தேனே.

— அவசரத்துக்குக் கையில அகப்பட்டது அதுதான். விடியறதுக்கு முன்னாலேயே எங்காளு கட்டைவிரலை நசுக்கிக்கிட்டு வந்து நின்னாரு. பீரோக் கதவுல மாட்டிக்கிச்சாம். காலங்காத்தால பீரோவுல என்ன தங்கமா தேடினாருன்னு கேட்டேன். கையை மட்டும் நீட்டினாரு. நகமெல்லாம் கருத்துப் போச்சு. கிழிச்சுக் கட்டிவிட்டுட்டு நான் மறுபடி படுத்துட்டேன், அவரு எழுந்து வெளிய போனாரு.

— கட்டைவிரலா? கத்திரி எப்படிப் பிடிப்பாரு?

— பிடிக்க முடியாது. கடைய மூடிட்டு உள்ள படுத்திருக்காரு. கேட்டா வலிக்கலைங்கறாரு. இந்தப் பச்சைத் தண்ணியத்தான் காலையில அவருக்கும் ஒரு டம்ளர் குடுத்தேன். வாயத் தொறக்காம குடிச்சாரு.

— பெரியவரா? குறை சொல்லாமலா? அவரு நல்லா இருக்கற டீயிலேயே நாலு குத்தம் கண்டுபிடிப்பாரே. பூவைத் தின்னறது ஆடு, மனுஷன் இல்லன்னு சொல்வாரே.

— அதான் எனக்கும் ஆச்சரியம். வலியில நாக்கு மரத்துப் போச்சோ என்னவோ. உன் புருஷன் குடிச்சாரா?

— அவரு எங்க வீட்டுல இருந்தாரு? நேத்தே வேலை நடக்கற எடத்துல தங்கிட்டாரு. நான் ஒத்தையில நிம்மதியா தூங்கலாம்னு பாத்தா, விடியறப்ப டங்கு டங்குனு ஒரே இடி. பக்கத்து வீட்டுல என்னத்தத்தான் உடைக்கறாங்களோ. நிறுத்தி நிறுத்தி அடிக்கறாங்க வேற. தலையணைய எடுத்துக் காதை மூடிக்கிட்டேன்.

— எனக்கு எதுவும் கேக்கல. நான் படுத்தா கட்டைதான். என்ன ஆச்சு பழைய பூவு?

— பச்சை.

— நாசமாப் போச்சு.

— அப்ப பூ மேலயும் தப்பு இல்ல, ஜாடி மேலயும் தப்பு இல்ல. நம்ம ரெண்டு பேரு மூஞ்சியிலதான் ஏதோ இருக்கு.

— இரு. இரு. ஃப்ரிட்ஜுல ஒரு தண்ணி பாட்டில் கிடந்துச்சே? கடையில வாங்கினது. அதைச் சுட வச்சு ஊத்து.

— அந்தத் தண்ணி எதுக்கு?

— சொன்னதைச் செய்யேன்டி. எதுக்கெடுத்தாலும் எதுக்கு எதுக்குன்னு.

— சரி சரி, சூடாகாதே. இங்க கெட்டில் சூடானா போதும்... இந்தா, ஊத்தறேன். பூ விழுது... அக்கா!

— என்ன?

— நீலம்! அக்கா, நீலம்! மயில் கழுத்து!

— தண்ணியில கோளாறு! நான் அப்பவே நினைச்சேன்.

— எப்ப நினைச்சே? சோப்பு, ஃபோனுன்னு என்னைத்தானே வறுத்தெடுத்தே?

— சரி, இனிமே வறுக்கல. மீதித் தண்ணிய எடு, செம்பருத்தியும் போட்டுடலாம்.

— மீதி எங்க இருக்கு? மொத்தத்தையும் இதுலயே ஊத்திட்டேன்.

— உன்னை என்ன பண்றது! சோதனை பண்ண ஒரு டம்ளர் பத்தாதா? பாட்டிலோட கவுத்துட்டியா?

— சந்தோஷத்துல கை நிக்கலக்கா. இரு, எதிர்க்க மருந்துக்கடைக்கு ஒரு ஃபோன் போடறேன்... ஹலோ, அண்ணே, முன்னால பூ டீக்கடையில இருந்து. ஆமாண்ணே, அதே லூசுதான். தண்ணி பாட்டில் இருக்கற பெட்டியை அப்படியே எடுத்து வைங்க... இல்லண்ணே, யாருக்கும் மயக்கம் இல்ல. பூவுக்குத்தான்... சரிண்ணே. எடுத்து வைக்கறாராம்க்கா.

— நல்ல மனுஷன். ஏய், இங்க வா. இந்தக் குழாய்த் தண்ணிய விரல்ல தொட்டுத் தேச்சுப் பாரு.

— வழவழன்னு இருக்கு.

— நாக்குல ஒரு சொட்டு வை.

— சீ... சுண்ணாம்பு!

— காலையில வடிச்ச சோறு கூட லேசா மஞ்சளா இருந்துச்சுடி. அரிசி மட்டம்னு கடைக்காரரைத் திட்டிட்டு விட்டுட்டேன்.

— இது பூச்சுத் தண்ணிக்கா. புதுசா சிமெண்ட் பூசின தொட்டியில தண்ணி விட்டா இப்படித்தான் இருக்கும். நான் எத்தனை எடத்துல பாத்திருக்கேன்.

— அப்ப உன் புருஷன் வேலைதான்.

— ஆனா அவரு பூசி முடிச்சு ஒரு வாரமாச்சு. ரொப்பி ரொப்பிக் கொட்டினாரு. நல்லா ஆனப்புறம்தான் குழாயில விட்டாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும் நீலம் வந்துச்சே. இன்னிக்குத் திடீர்னு சுண்ணாம்பு எங்கேருந்து வரும்?

— பூச்சு பேத்துக்கிட்டு விழுந்திருக்கும். ஒரு இஞ்ச் கோணலா படி கட்டினவருதானே.

— அக்கா, இந்தப் பேச்சு வேணாம். படி கோணல்தான், ஒத்துக்கறேன். பூச்சு பேராது. அந்த மனுஷனுக்குப் புத்தி பேரும், பூச்சு பேராது.

— சரி, கோவிச்சுக்காதே. போய்ப் பாத்துட்டு வா. மேடம் வந்து எந்தத் தண்ணியில போடறீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? நாளைக்கும் மருந்துக்கடைத் தண்ணியிலயா டீ போடறது? என் முட்டியை வச்சுக்கிட்டு அந்தப் படியில என்னால ஏற முடியாது.

— போறேன். ஃபோனைக் கட் பண்ணாம காதுல வச்சுக்கோ. மேலேருந்து சொல்றேன்.

— பாத்து ஏறு. நாலாவது படியில காலைத் தூக்கி வை.

— தெரியும்க்கா, தினமும் அதுலதான் தடுக்கறேன்... ஆங், மேல வந்துட்டேன். கேக்குதா?

— கேக்குது.

— சிமெண்ட் மூட்டை ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்கு. பக்கத்துல சுத்தியல். எங்காளு சாமானை இப்படிப் போட மாட்டாரே... தொட்டி மூடி கனமா இருக்கு. இரு... தூக்கிட்டேன்.

— என்ன தெரியுது? ஏய், லைன்ல இருக்கியா?

— அக்கா. நடுவுல சுவரு.

— எதுக்கு நடுவுல?

— தொட்டிக்கு நடுவுல. தொட்டிய ரெண்டாத் தடுத்திருக்கு. அந்தப் பக்கம் ஒரு குழாய் தனியா இறங்குது, இந்தப் பக்கம் ஒண்ணு தனியா இறங்குது. ஒழுகுதுன்னு சொன்னதெல்லாம் பொய். பாகம் பிரிச்சிருக்காங்க.

— பிரிச்சுட்டாங்களா?

— பிரிச்சுட்டாங்கக்கா.

— ஆர்டர் வந்தா பாக்கலாம், வரலேன்னா பாக்கலாம்னு நம்மகிட்ட சொல்லிட்டு...

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. போன வாரம் ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு, தொட்டி நல்லா வந்திருக்கு புள்ளன்னு சொல்றாரு. இன்னிக்கு வரட்டும். வாசல்லயே நிறுத்தி வச்சுக் கேக்கறேன்.

— உன் புருஷனை மட்டும் சொல்லாதே. அன்னிக்கு நாலு பேரு முன்னால, தண்ணி கூடத் தனியா வேணும், அவன் தொட்ட தண்ணி எனக்கு வேணாம்னு கத்தினது எங்காளு. இஞ்ச் டேப்பைப் போட்டு வீட்டைக் குறுக்கால அளந்ததும் அவருதான். அண்ணன் கேட்டாரு, தம்பி கட்டிக் குடுத்துட்டாரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல.

— நாம இங்க நீலமா பச்சையான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

— கோமாளிங்கடி நாம. இந்த நீலத்தையும் கொட்டிடறேன். யாருக்கு வேணும்? மேடம் வந்தா கடை மூடியாச்சுன்னு சொல்லிடு. எனக்குத் தெம்பு இல்ல. வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இந்த ரெண்டு பேரையும் சேத்து வச்சுச் சேத்து வச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சு.

— அக்கா, கொட்டாதே. இரு.

— எதுக்கு இருக்கணும்?

— சுவரு உடைஞ்சிருக்கு.

— பேராதுன்னே. புத்திதான் பேரும்னே.

— பேரலக்கா. யாரோ உடைச்சிருக்காங்க. ஒரு சாஸர் அகலத்துக்கு ஓட்டை. கன்னாபின்னான்னு குத்திக் குத்தி எடுத்திருக்கு. சுத்தியலே பிடிச்சுப் பழக்கம் இல்லாத கை. ஓட்டையச் சுத்தி எத்தனை அடி தப்பி விழுந்திருக்கு தெரியுமா?

— யாரு போய் உடைப்பா? பூனை விழுந்திருக்கும்.

— பூனை சுத்தியலா தூக்கிட்டு வரும்? தண்ணி அந்த ஓட்டை வழியா அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வருது. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். ஒரே தண்ணி.

— அப்ப அந்த இடிக்கற சத்தம்...

— பக்கத்து வீடு இல்ல. நம்ம மாடிதான். என் தலைக்கு மேல.

— உன் புருஷன் ஊர்லயே இல்லையே.

— இல்ல. அதோட இது அவரு கை இல்லக்கா. உடைச்சவரு ஓரத்தை அப்படியே விடல. ஈரச் சிமெண்டை எடுத்து ஓட்டையச் சுத்தி அப்பி வச்சிருக்காரு. கரண்டி இல்லாம, கையால. பிசிறு தெரியாம மடிச்சு மடிச்சு. துணிக்கு ஓரம் அடிச்ச மாதிரி இருக்கு. கீழ்ப்பக்கம் காயாம கரைஞ்சு தண்ணியில வெள்ளையா இறங்குது. நம்ம பூவைப் பச்சையாக்கினது இதுதான்.

— ஓரம் அடிச்ச மாதிரியா?

— அக்கா, கீழ கார் வந்து நிக்குது. ஓட்டல் மேடம். இறங்கறாங்க. கதவைத் தொற, உக்காரச் சொல்லு. அந்த நீலத்தைக் கொட்டலையே?

— கொட்டல. நீ அதைச் சொல்லு. கையால அப்பியிருக்குன்னியே.

— ஆமா, கை அச்சு அப்படியே இருக்கு. ஃபோன் வெளிச்சத்துல தெரியுது. நாலு விரலு நல்லாப் பதிஞ்சிருக்கு. கட்டைவிரலு மட்டும் இல்ல. அந்த எடத்துல ஏதோ துணி அச்சு. சன்னமா, கட்டம் கட்டமா. ஒரு நூல் கூட ஒட்டிக்கிட்டு நிக்குது, பச்சையா. நம்ம வீட்டுல யார்கிட்டக்கா பச்சைத் துணி இருக்கு?

— அது பச்சைத் துணி இல்லடி. காலையில நான் கிழிச்சுக் கட்டிவிட்ட நம்ம வடிகட்டற துணி.